அன்றாட வேலைக்கு மெக்கானிக்கல் கீபோர்டு: தேர்வு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கியவர்களில் பலர் முதலில் கை வைப்பது ஒலியில்தான். நுரை, டேப், புது கீகேப் (விசை மூடி) என்று போய், கடைசியில்தான் விசை அமைப்புக்கு வருகிறார்கள். நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவருக்கு இந்த வரிசை தலைகீழானது. கைக்கு அதிகம் உதவுவது விசை அமைப்பு, அதாவது எந்த விசை என்ன செய்யும் என்பது. அடுத்தது நீள விசைகளைச் சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர், அதற்கு அடுத்தது ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும் ஸ்விட்ச். விசை அமைப்பை மாற்ற ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம், செலவும் கிடையாது. அதனால் இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

போர்டைத் தேர்வது

முழு அளவு கீபோர்டில் 104 விசைகள் இருக்கும். நம்பர் பேட் இல்லாத டி.கே.எல். வகையில் 87, 75 சதவீத வகையில் 80-க்குச் சற்று மேல், 65 சதவீத வகையில் 67 அல்லது 68, 60 சதவீத வகையில் 61. எண்களையே நாள் முழுக்க உள்ளிடுபவருக்கு நம்பர் பேட் தேவைதான். மற்றவர்களுக்கு அது மவுசைச் சுமார் 8 செ.மீ. வலப்பக்கம் தள்ளி வைக்கும் இடைஞ்சல். வலது தோள் வலிக்கு அதுவே காரணமாவதும் உண்டு. 60 சதவீதத்தில் அம்பு விசைகள் தனியாக இல்லை. எக்ஸெலிலும் ஆவணங்களிலும் வேலை செய்பவர் 65 அல்லது 75-லேயே நின்றுகொள்வது நல்லது.

ஹாட்-ஸ்வாப் சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சால்டரிங் இல்லாமலே ஸ்விட்ச்சை மாற்றலாம். அந்தச் சாக்கெட் எந்த வகைக்கு என்பதையும் கவனியுங்கள். வழக்கமான எம்.எக்ஸ். (செர்ரி நிறுவனத்தின் பரவலான ஸ்விட்ச் வடிவம்) சாக்கெட்டில் ஆப்டிகல் ஸ்விட்ச்சோ, காந்தத்தில் இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்விட்ச்சோ, உயரம் குறைந்த சாக் ஸ்விட்ச்சோ வேலை செய்யாது.

இன்னொன்று, வலது ஷிஃப்ட்டும் கீழ் வரிசையும். ஒரு எழுத்து விசையின் அகலம் 1யூ, அதாவது 19.05 மி.மீ. வழக்கமான அமைப்பில் ஸ்பேஸ்பார் 6.25யூ, இடது ஷிஃப்ட் 2.25யூ, வலது ஷிஃப்ட் 2.75யூ, கீழ் வரிசையின் கன்ட்ரோல், ஆல்ட் போன்றவை 1.25யூ. 65, 75 சதவீத போர்டுகளில் வலது ஷிஃப்ட் பெரும்பாலும் 1.75யூ-வாகச் சுருங்கிவிடும். இதைக் குறித்து வைக்காமல் கீகேப் வாங்கினால் மூன்று நான்கு விசைகளுக்கு மூடி இல்லாமல் நிற்க நேரும்.

விசை அமைப்பு

கியூ.எம்.கே. என்ற ஃபர்ம்வேரில் (கீபோர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) இயங்கும் போர்டுகளை வயா என்ற செயலியால் மாற்றலாம். அது உலாவியிலேயே திறக்கும், ஆனால் குரோம், எட்ஜ் போன்ற குரோமியம் வழி உலாவிகளில்தான். கீபோர்டை கேபிளில் இணைத்துத் திறங்கள், புளூடூத்தில் வேண்டாம். போர்டு தெரியவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கக்கூடும். கேபிள் சரி என்றால், தயாரிப்பாளர் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான ஜேசன் கோப்பைப் பதிவிறக்கி, வயாவின் டிசைன் பக்கத்தில் ஏற்ற வேண்டும்.

எதையும் மாற்றும் முன் இப்போதுள்ள அமைப்பைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஃபர்ம்வேர் புதுப்பித்தால் விசை அமைப்பு அழிந்துபோவது வழக்கம். மேக், விண்டோஸ் என்று மாற்றும் பொத்தான் உள்ள போர்டுகளில் இன்னொரு குழப்பம் வரும். ஒரே விசைகளுக்கு வேறு வேறு வேலை தரும் அடுக்குகளை லேயர் என்பார்கள். கீக்ரான் நிறுவன போர்டுகளில் லேயர் 0-வும் 1-ம் மேக்குக்கு, 2-ம் 3-ம் விண்டோசுக்கு. பொத்தானை விண்டோஸ் பக்கம் வைத்துக்கொண்டு லேயர் 0-வைத் திருத்தினால் ஒரு மாற்றமும் தெரியாது. போர்டு கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

தொடக்கத்துக்கு இரண்டு மாற்றங்கள் போதும்.

முதலாவது, கேப்ஸ் லாக். இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்த விசையைப் பெரும்பாலானோர் பயன்படுத்துவதே இல்லை. அதைத் தட்டினால் எஸ்கேப், பிடித்தால் கன்ட்ரோல் என்று அமைக்கலாம். கியூ.எம்.கே. ஆவணத்தில் மாட்-டேப் என்ற தலைப்பில் இதற்கான குறியீடு இருக்கிறது. அதை வயாவில் எனி என்ற விசையில் உள்ளிட வேண்டும். நகலெடுக்கவும் ஒட்டவும் சுண்டுவிரலை மடக்கிக் கீழ் மூலைக்குக் கொண்டுபோகும் வேலை இதோடு முடிந்தது.

இரண்டாவது, வலது ஆல்ட். அதைப் பிடித்திருக்கும்போது மட்டும் லேயர் 1 (கீக்ரானில் விண்டோஸ் பக்கம் என்றால் லேயர் 3) வரும்படி வையுங்கள். அந்த லேயரில் ஐ, ஜே, கே, எல் அம்பு விசைகள், யூ ஹோம், ஓ எண்டு, எச் பேக்ஸ்பேஸ். கையை எழுத்து வரிசையிலிருந்து எடுக்காமலே கர்சரை நகர்த்தலாம். நம்பர் பேடை விட்டவர்கள் இன்னொரு லேயரில் யூ-ஐ-ஓ 7-8-9, ஜே-கே-எல் 4-5-6, அதற்குக் கீழே எம், கமா, புள்ளி 1-2-3, ஸ்பேஸ் 0 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பேஸ்பாரையே லேயர் விசையாக்கும் யோசனை பலருக்கும் வரும். அதில் ஒரு விலை உண்டு. தட்டினீர்களா, பிடித்தீர்களா என்று தெரியும்வரை கீபோர்டு காத்திருக்க வேண்டும். அதனால் அமுக்கும்போது விழ வேண்டிய இடைவெளி, விரலை எடுக்கும்போதுதான் விழும். வேகமாக அடிப்பவருக்கு இது உறுத்தும். கியூ.எம்.கே.யில் இந்தக் காத்திருப்பின் இயல்பு அளவு 200 மில்லிநொடி. அதைக் குறைத்தால் விசை வேகமாகப் பதில் சொல்லும், ஆனால் விரல் சற்றுத் தங்கினாலே பிடித்ததாகக் கணக்காகிவிடும். மெதுவாக அடிப்பவர் கூட்ட வேண்டும், வேகமாக அடிப்பவர் 170, 180 என்று முயன்று பார்க்கலாம்.

தமிழில் தட்டுபவர்களுக்கு

கீபோர்டு கணினிக்கு அனுப்புவது எழுத்தை அல்ல, எந்த விசை அமுங்கியது என்ற எண்ணை. அதே விசையை க என்றோ ஆங்கில எச் என்றோ முடிவு செய்வது இயங்குதளம். ஆகவே தமிழ் 99 தட்டச்சு முறைக்குத் தனி கீபோர்டு வேண்டாம், எந்த போர்டும் போதும். மொழி மாற்றும் சேர்க்கையை (விண்டோஸில் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும், மேக்கில் கன்ட்ரோலும் ஸ்பேஸும்) வலது கன்ட்ரோல் போன்ற சும்மா கிடக்கும் ஒரே விசையில் ஏற்றிவிட்டால், தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுபவருக்குப் பெரிய நிம்மதி.

வயாவின் மேக்ரோவில் (பல அழுத்தல்களை ஒரே விசையில் பதிந்து வைக்கும் வசதி) தமிழ் வாக்கியத்தைச் சேமிக்க முயல வேண்டாம். மேக்ரோவும் விசை எண்களைத்தான் அனுப்புகிறது. ஆங்கில உள்ளீடு இருக்கும் நேரத்தில் அழுத்தினால் குப்பையாக விழும். அடிக்கடி வரும் தொடர்களுக்குக் கணினியில் இயங்கும் உரை விரிப்பான் செயலிதான் சரி. கடவுச்சொல்லையும் மேக்ரோவில் வைக்காதீர்கள். அந்த விசையை யார் தொட்டாலும் அது திரையில் வந்து விழும்.

எழுத்து வரிசை விசைகளையே பிடித்தால் ஷிஃப்ட், கன்ட்ரோல் என்று ஆக்கும் முறை ஆங்கிலத்தில் தட்டுபவர்களிடம் பிரபலம். தமிழ் 99-இல் அது எளிதில் ஒத்துவராது. எஃப் விசையில் இருப்பது புள்ளி. ஏ, எஸ், டி விசைகளில் அ, இ, உ. மெய்யை வலக்கையில் அடித்த கையோடு இடக்கையில் இவை வரும், உடனே அடுத்த மெய் வரும். ‘ர்க’ என்று அடிக்கும்போது எஃப்-இலிருந்து விரல் எழும் முன்பே எச் அமுங்கிவிடுகிறது. பிடிப்பை உடனே ஏற்கும் அமைப்பு இருந்தால் புள்ளி காணாமல் போய், க இருக்க வேண்டிய இடத்தில் ஷிஃப்ட் சேர்ந்த வேறேதோ விழும். ஒரே கை விசைகள் என்றால் தட்டலாகவே கொள், எதிர்க்கை என்றால் மட்டும் பிடிப்பாகக் கொள் என்ற விதியும் உதவாது, ஏனென்றால் தமிழ் 99 கைமாற்றிக் கைமாற்றித்தான் ஓடுகிறது. வேகமாக அடிக்கும் நேரத்தில் பிடிப்பையே முடக்கி வைக்கும் வசதி கியூ.எம்.கே.யின் புதிய பதிப்புகளிலும் இசட்.எம்.கே. என்ற இன்னொரு ஃபர்ம்வேரிலும் உண்டு, அது ஓரளவு காப்பாற்றும். அதைவிட, தமிழுக்கு இந்த முறையைத் தவிர்த்து கட்டைவிரல் விசைகளைப் பயன்படுத்துவதே மேல்.

ஸ்டெபிலைசர்

ஸ்பேஸ்பார், என்டர், பேக்ஸ்பேஸ், ஷிஃப்ட் ஆகியவற்றின் அடியில் கம்பி ஒன்று ஓடும். நீள விசையின் ஓரத்தில் தட்டினாலும் அது சாயாமல் இறங்குவது இதனால்தான். மலிவு போர்டுகளின் கலகல சத்தம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. ஸ்விட்ச் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஸ்டெபிலைசர் மோசம் என்றால் போர்டு மோசம்.

பிளேட்டில் (ஸ்விட்ச்சுகள் பொருந்தும் தகடு) மாட்டும் வகை, பிசிபியில் (அதற்கு அடியில் உள்ள மின்சுற்றுப் பலகை) கிளிப்பாகப் பொருந்தும் வகை, பிசிபியில் திருகும் வகை என்று உண்டு. திருகும் வகைதான் உறுதியானது. பிளேட்டில் வெட்டு பெரிதாக இருந்தால் மேலிருந்தே எடுக்கலாம்; இல்லையென்றால் எல்லா ஸ்விட்ச்சையும் கழற்றி பிளேட்டைப் பிரிக்க வேண்டும். கேபிளைப் பிடுங்கி, வயர்லெஸ் என்றால் பேட்டரியையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

1. கழற்றும் முன் ஒரு படம் எடுங்கள். தண்டுக்கு (உறைக்குள் விசையோடு ஏறி இறங்கும் துண்டு) முன்பக்கம், பின்பக்கம் உண்டு; மாற்றிப் போட்டால் கம்பி பொருந்தாது.

2. கம்பியைக் கண்ணாடி மேல் படுக்க வையுங்கள். ஒரு முனையை விரலால் தட்டும்போது மறு முனை எழுந்தால் கம்பி முறுக்கியிருக்கிறது. இடுக்கியால் மிகச் சிறிதாக எதிர்த்திசையில் திருப்பி, மறுபடி பாருங்கள். இதைச் செய்யாமல் கிரீஸ் எவ்வளவு பூசினாலும் சத்தம் சில வாரங்களில் திரும்பும்.

3. தண்டின் நான்கு பக்கத்திலும் அடியிலும் 205ஜி0 கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். கம்பியின் முனைகளிலும், அது உறையில் மாட்டும் இடத்திலும் டைஎலக்ட்ரிக் கிரீஸைத் தாராளமாக வையுங்கள். கம்பிக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

4. திருகும்போது அடியில் வாஷர் வைக்க மறக்காதீர்கள். திருகின் தலை பிசிபியின் தடங்களைத் தொடாமல் அதுதான் காக்கிறது. இறுகியதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் திருப்பினால் பிளாஸ்டிக் மரை போய்விடும்.

5. போர்டை முழுதும் மூடும் முன் அந்த விசைகளுக்கு மட்டும் ஸ்விட்ச்சும் கீகேப்பும் மாட்டி, இடம், நடு, வலம் என்று தட்டிப் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கலகலத்தால் அந்தப் பக்கக் கம்பி முனைக்குக் கிரீஸ் போதவில்லை; சிரிஞ்சால் தண்டின் ஓட்டை வழியே கொஞ்சம் செலுத்தலாம். விசை மெதுவாக மேலே வந்தால் தண்டில் கிரீஸ் அதிகம், அல்லது கம்பி எங்கோ உரசுகிறது. இரண்டும் இல்லையென்றால் ஸ்பேஸ்பாரைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வையுங்கள். பி.பி.டி. ஸ்பேஸ்பார்கள் வில்லாக வளைந்து வருவது சகஜம்.

ஸ்விட்ச் தேர்வு

நேராக இறங்குவது லீனியர், நடுவில் ஒரு மேடு தெரிவது டாக்டைல், அத்துடன் கிளிக் சத்தமும் வருவது கிளிக்கி. செர்ரி எம்.எக்ஸ். ரெட் லீனியர், அமுக்க 45 சென்டிநியூட்டன் பலம் தேவை, அதாவது கிட்டத்தட்ட 46 கிராம் எடை. 2 மி.மீ. இறங்கியதும் எழுத்து விழும், மொத்த ஓட்டம் 4 மி.மீ. அதே லீனியரில் பிளாக் 60 சென்டிநியூட்டன். சில்வரில் 1.2 மி.மீட்டரிலேயே எழுத்து விழும். விளையாட்டுக்கு நல்லது, எழுத்து வேலையில் விரல் ஓய்ந்திருக்கும்போதே தவறாக விழும்.

அலுவலகத்துக்கு ப்ளூ போன்ற கிளிக்கி வேண்டாம். பக்கத்து மேசைக்காரரின் பொறுமையை அது முதல் நாளே சோதிக்கும். விரலை அடிவரை இடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு 55–60 அளவிலான டாக்டைல் கொஞ்சம் கட்டுப்பாடு தரும். சுண்டுவிரல் சோர்ந்து போகிறவருக்கு 45-க்குக் கீழ் லீனியர். எல்லா விசைக்கும் ஒரே ஸ்விட்ச் என்று சட்டம் ஒன்றும் இல்லை. தமிழ் 99-இல் ஓயாமல் அடிபடும் எஃப்-க்கு இலகுவான ஸ்விட்ச், ஸ்பேஸ்பாருக்குச் சற்றுக் கனமானது என்று கலக்கலாம். முழு செட் வாங்கும் முன் பத்து மட்டும் வாங்கி எழுத்து வரிசையில் மாட்டி ஒரு வாரம் வேலை பாருங்கள். தனி ஸ்விட்ச்சைக் கையில் பிடித்து அமுக்குவதில் ஒன்றும் தெரியாது.

மாற்றும் முறை எளிது, ஆனால் போர்டு பாழாவதும் பெரும்பாலும் இங்கேதான். இழுப்பான் ஸ்விட்ச்சின் மேல், கீழ்ப் பக்கக் கொக்கிகளைப் பிடிக்க வேண்டும், இடம் வலம் அல்ல. நேர் மேலே இழுங்கள். ஆட்டி ஆட்டி இழுத்தால் சாக்கெட் பிசிபியின் தடத்தோடு பிய்ந்து வரும். மாட்டும் முன் இரண்டு உலோகக் கால்களும் நேராக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தடுப்பு தெரிந்தால் அழுத்தாதீர்கள். கால் மடங்கி அடியில் படுத்திருக்கும். கழற்றி இடுக்கியால் நிமிர்த்தினால் போதும். பிசிபி கையில் தனியாக இருக்கிறது என்றால் சாக்கெட்டைப் பின்னாலிருந்து விரலால் தாங்கிக்கொண்டே அழுத்துங்கள். ஐந்து கால் ஸ்விட்ச் மூன்று கால் போர்டுக்கு வந்துவிட்டதா? ஓரத்தில் உள்ள இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் கால்களை வெட்டினால் பொருந்தும். நடுவிலுள்ள தடித்த தூணைத் தொடக் கூடாது.

கீகேப் மாட்டும் முன்பே கீ டெஸ்டர் பக்கத்தைத் திறந்து எல்லா விசையையும் சோதித்துவிடுங்கள்.

கிரீஸ் பூசுவது

இப்போதைய ஸ்விட்ச்சுகளில் பல தொழிற்சாலையிலேயே கிரீஸ் பூசி வருகின்றன. அவற்றை மறுபடி பூசுவது வீண். காய்ந்த உரசல் கேட்டால் மட்டும் இறங்குங்கள்: ஒன்றுக்கு 2 நிமிடம் என்றாலும் 70 ஸ்விட்ச்சுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

லீனியருக்கு 205ஜி0, டாக்டைலுக்கு அதைவிட இலகுவான 3203. 5 கிராம் புட்டி ஒரு போர்டுக்குத் தாராளம். 00 எண் தூரிகையில் தொட்டு, புட்டியின் விளிம்பில் வழித்துவிட்டு, கீழ் உறையின் இரு பக்கத் தடங்களிலும், தண்டின் பக்கங்களிலும், ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் பூசுங்கள். பூசிய இடம் ஈரமாக மின்ன வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். டாக்டைல் என்றால் தண்டின் முன்னால் நீட்டியிருக்கும் இரு கால்களையும் விட்டுவிடுங்கள், அங்கே பூசினால் மேடு மழுங்கும். கிளிக்கியில் பூசவே வேண்டாம். உலோக இதழின் தொடுமுனையில் கிரீஸ் திரண்டால் விசை சில சமயம் விழும், சில சமயம் விழாது.

கீகேப், நுரை, டேப்

ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் விரல் எண்ணெயில் சில மாதங்களில் பளபளக்கத் தொடங்கும். பி.பி.டி. சொரசொரப்பு நீடிக்கும். எழுத்து அழியக் கூடாது என்றால் டபுள்ஷாட் (எழுத்தைத் தனிப் பிளாஸ்டிக்கில் வார்த்தது) அல்லது சாயம் ஏற்றிய வகை. உயரமான எஸ்.ஏ. வடிவம் பார்க்க அழகு, மணிக்கணக்கான வேலைக்கு மணிக்கட்டை உயர்த்தும். செர்ரி அல்லது ஓ.இ.எம். வடிவம் போதும். ஒரு எச்சரிக்கை: ஸ்விட்ச்சின் எல்.இ.டி. துளை உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும் போர்டில் செர்ரி வடிவ மூடிகள் ஸ்விட்ச்சின் தலையில் இடிக்கலாம், முக்கியமாக ஏ-எஸ்-டி-எஃப் வரிசையில். கழற்ற கம்பி இழுப்பானே நல்லது. பிளாஸ்டிக் வளையம் மூடியின் பக்கங்களைக் கீறும்.

நுரையும் டேப்பும் ஒலிக்கு மட்டும்தான். காகித மாஸ்கிங் டேப்பை பிசிபியின் பின்புறம் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டலாம். இணைப்பான்களையும் ரீசெட் பொத்தானையும் விட்டு ஒட்டுங்கள். உலோகத் தாள் டேப் கூடவே கூடாது, ஷார்ட் ஆகும். பேட்டரி உள்ள போர்டில் நுரையைத் திணித்து மூடியை அழுத்தித் திருகாதீர்கள்.

மேசையில் வைப்பது

பின்னங்கால்களை மடக்கியே வையுங்கள். கீபோர்டு பின்னால் உயர உயர மணிக்கட்டு பின்பக்கம் மடங்கும். முன் விளிம்பு 20 மி.மீ. அளவு உயரம் என்றால் அதே உயரத்தில் ஒரு தாங்கி வைத்துக்கொள்ளலாம். அதில் கை ஊன்றுவது தட்டாத இடைவெளியில்தான், தட்டும்போது கை மிதக்க வேண்டும். ஜி, எச் விசைகளுக்கு இடையிலான கோடு உங்கள் நெஞ்சுக்கு நேராக வரட்டும், பெட்டியின் நடுப்பகுதி அல்ல.

கோளாறுகள்

ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுந்தால், அந்த ஸ்விட்ச்சை வேறொரு விசையோடு இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் ஸ்விட்ச் கெட்டது. அதே இடத்தில் நின்றால் சாக்கெட் அல்லது சால்டர். பல விசைகளில் வந்தால் ஃபர்ம்வேரின் டிபவுன்ஸ் அளவு (ஒரே தட்டின் அதிர்வுகளைப் பல தட்டாக எண்ணாமல் காத்திருக்கும் நேரம்); கியூ.எம்.கே.யின் இயல்பு 5 மில்லிநொடி, 8 அல்லது 10 ஆக்கினால் தட்டச்சில் வித்தியாசம் தெரியாது.

ஒரு வரிசையோ நெடுவரிசையோ முழுவதும் செத்தால் ஸ்விட்ச்சுகளைக் குறை சொல்லாதீர்கள். விசைகள் கட்டமாக இணைந்திருப்பதால், அந்தத் தடத்திலோ கட்டுப்பாட்டுச் சில்லிலோதான் பழுது.

2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளில் (கணினியில் செருகும் யூ.எஸ்.பி. ரிசீவர்) எழுத்துகள் விட்டுவிட்டு வந்தால் அதை யூ.எஸ்.பி. 3 போர்ட்டிலிருந்து தள்ளி, நீட்டிப்புக் கேபிளில் மேசைக்கு மேல் வையுங்கள். யூ.எஸ்.பி. 3 எழுப்பும் மின்னிரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது. தூக்கத்திலிருந்து எழும் வயர்லெஸ் போர்டு முதல் எழுத்தை விழுங்குவது பழுதல்ல. ஷிஃப்ட்டை ஒருமுறை தட்டி எழுப்பிவிட்டு எழுதத் தொடங்கலாம்.

பானம் சிந்தினால் உடனே கேபிளைப் பிடுங்கி, பேட்டரியை அணைத்து, கவிழ்த்து வையுங்கள். வெறும் நீர் என்றால் பிரித்து ஓரிரு நாள் உலர்த்தினால் பிழைக்கும். சர்க்கரை கலந்தது என்றால் உலர்ந்த பிறகு தண்டு ஒட்டிக்கொள்ளும். நனைந்த ஸ்விட்ச்சுகளை மாற்றிவிட்டு, பிசிபியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை கீகேப்புகளைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி விட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். கொதிநீர் வேண்டாம், ஏ.பி.எஸ். வளையும். கழுவிய பின் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். உள்ளே ஈரம் இருக்கும்போதே மாட்டினால் அது தண்டு வழியே நேராக ஸ்விட்ச்சுக்குள் இறங்கும்.